கோலம் போடாத நாள்

“ஞாயித்துக்கிழமையா? திங்கட்கிழமைன்னா சொன்னேள்?”

கோமளம் கேட்டபோது அவள் மடியில் முறம் இருந்தது. ரேஷன் அரிசியில் பாதி அரிசி, பாதி கல். திவசத்துக்கென்று தனியாக எடுத்து வைத்த அரிசியை மூன்றாவது தடவையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“என் பஞ்சாங்கத்துல திங்கட்கிழமைதான்” என்றார் ஸ்ரீனிவாசராகவன். “அண்ணா பாக்கறது பழைய கணக்குப் பஞ்சாங்கம். அதுல ஞாயித்துக்கிழமை மத்தியானமே திதி வந்துடறது.”

“ரெண்டு பேருக்கும் அம்மா ஒருத்திதானே?”

“அம்மா ஒருத்திதான். திதிதான் ரெண்டு.”

“இது சிரிக்கிற சமாசாரமா? போன வருஷம் அவர் காஞ்சீபுரத்துல பண்ணினார், நீங்க இங்கே பண்ணினேள். ஒரு அம்மாவுக்கு ரெண்டு ஊர்ல ரெண்டு நாள்ல பிண்டம். அவ எங்கேன்னு போவா?”

“அதான் இந்த வருஷம் அவரே இறங்கி வந்திருக்காரே. அவர்தான் மூத்தவர். அவர் பண்ணணும், நான் தர்ப்பையால அவரைத் தொட்டுண்டு உக்காரணும். ஞாயித்துக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமைதான்.”

கோமளம் முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்போ ஜலஜாவோட சிநேகிதி?”

ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பதில் தெரியாதபோதெல்லாம் அவர் அதைத்தான் செய்வார். வகுப்பில் பையன்கள்கூட அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

சுதந்திரம் வந்த மறு வருஷத்து மார்கழி அது. கிறிஸ்துமஸ் விடுமுறையில் அடையாறு ஆற்றங்கரைத் தோப்பு ஒன்றில் கல்லூரி மாணவிகளுக்கு ஒரு முகாம் நடந்தது. வங்காளம், குஜராத், நாகபுரி என்று பல பக்கங்களிலிருந்தும் பெண்கள் வந்து, உள்ளூர்ப் பெண்களோடு கீற்றுக் கொட்டகைகளில் தங்கியிருந்தார்கள். காலையில் களிமண் பிசைந்து பொம்மை செய்வார்கள். வெயில் ஏறினால் மரத்தடியில் தறி. சாயங்காலம் ஆளுக்கொரு பாஷையில் பாட்டு. ஒரு நாள் மாமல்லபுரம், ஒரு நாள் ஊரூர்க் குப்பத்தில் கட்டுமரங்களைக் கரிக்கோலால் வரைவது. இதற்கு நடுவில், வெளியூர்ப் பெண் ஒவ்வொருத்தியும் ஓர் உள்ளூர்ப் பெண்ணின் வீட்டில் ஒரு சனிக்கிழமை ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமைப் பகலும் தங்க வேண்டும். அந்த வீட்டிலிருந்து ஏதாவது ஒரு கைவேலையைக் கற்றுக்கொண்டு வந்து, திங்கட்கிழமை எல்லார் முன்னாலும் செய்து காட்ட வேண்டும். இவர்கள் பெண் ஜலஜாவுக்கு வாய்த்தவள் கல்கத்தாக் கல்லூரிப் பெண் சுலேகா. கோலம் கற்றுக்கொள்ளப்போகிறாள் என்று முகாமில் பெயரும் கொடுத்தாகிவிட்டது. கோமளம்தான் சரியென்று தலையாட்டியவள். திங்கட்கிழமை திவசம் என்றால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமே பெண் போய்விடுவாள், ராத்திரி வீட்டை அலம்பிவிடலாம் என்பது அவள் கணக்கு.

“வரவேண்டாம்னு சொல்லி அனுப்பிடலாமா?” என்றார் அவர்.

“அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த பொண்ணை எங்காத்துக்கு வராதேன்னு சொல்லச் சொல்றேளா? கேம்ப்ல ஜலஜா முகத்தை எங்கே வெச்சுப்பா?”

“அண்ணா வந்து பாத்தா?”

அதுதான் கேள்வி. அண்ணா பத்ரிநாராயணன் தாலுகா ஆபீஸில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஜலஜாவுக்கு உத்திரமேரூரில் ஒரு வரன் கொண்டுவந்தார். ‘நான் காலேஜ் போறேன் பெரியப்பா’ என்று அந்தப் பெண் முகத்துக்கு நேரே சொன்னது. தம்பி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “இந்த ஆத்துல இனிமே ராத்தங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டவர்தான். நடுவில் அவர்களுடைய அம்மா போனபோது வந்தார். காரியம் முடிந்ததும் போய்விட்டார். இந்த வருஷம் மனம் இளகி, சேர்ந்தே பண்ணலாம் என்று பட்டு வியாபாரி ஒருத்தரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அதிலும் ஒரு கண்டிஷன். சனிக்கிழமை ராத்திரி திருவல்லிக்கேணியில் ஒன்றுவிட்ட சகோதரன் வீட்டில் தங்குவார். ஞாயிற்றுக்கிழமை காலை வந்து பண்ணிவிட்டுச் சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுவார்.

மாமியார் படுக்கையில் கிடந்தபோது கஞ்சி ஊட்டியவள் கோமளம். “ரெண்டும் ரெண்டு திசையில நிக்கறதுகளேடி” என்று அந்த அம்மாள் சொன்னது அவள் காதில் இன்னமும் இருந்தது. இந்தத் தடவை தப்பினால் இனிமேல் அண்ணா வரமாட்டார். அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“எதிராத்து அலமேலுகிட்ட சொல்லி வெக்கறேன்” என்றாள் கோமளம். “ஞாயித்துக்கிழமை பொண்ணுக்கு அவாத்துல சாப்பாடு. உங்க அண்ணா கண்ணுல படாம சாயங்காலம் வரைக்கும் அங்கேயே இருக்கட்டும்.”

சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் பீர் முஹம்மதுவின் ஜட்கா சித்திரக்குளத்துத் தெருவில் மணியடித்துக்கொண்டு வந்தது.

“மாமி! பொண்ணுங்கள பத்திரமா இட்டாந்துட்டேன்” என்று அவன் வண்டியிலிருந்தே கத்தினான். “இன்னா சிரிப்பு, இன்னா சிரிப்பு! பாலத்தாண்ட வரசொல்ல குதிரையே திரும்பித் திரும்பிப் பாக்குது.”

“நாளைக்கு விளக்கேத்தறதுக்கு முன்னாடி வந்துடு பீர் முஹம்மது. பொண்ணை அடையாறுல விடணும். அதுக்கு முன்னாடி எங்காத்துப் பெரியவரை எழும்பூர் ஸ்டேஷன்ல விடணும்.”

“பெர்சா? விட்ருவோம். அவுரும் இப்டி சிரிப்பாரா?”

“அவர் சிரிச்சா உனக்கு நானே தனியா ஒரு படி கொள்ளு தரேன்.”

“அப்ப குதிர பட்டினிதான்” என்று சொல்லிக்கொண்டே வண்டியைத் திருப்பினான்.

சுலேகா ஒல்லியாக, கறுப்பாக, கண்ணுக்குள் ஏதோ ஒன்றை எப்போதும் கேட்டுக்கொண்டிருப்பவள்போல இருந்தாள். வாசற்படியில் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து கோமளத்தின் காலைத் தொட்டாள். விரல் நகங்களில் களிமண் காய்ந்திருந்தது.

“கையலம்பிண்டு வரச்சொல்லுடி. அடை வார்த்திருக்கேன்” என்றாள் கோமளம். சமையலறைக்குள் ஜலஜாவை இழுத்துக்கொண்டு போய்க் குரலைத் தணித்தாள். “நாளைக்குத் திவசம்னு அவகிட்ட சொல்லாதே.”

“ஏம்மா?”

“வரக்கூடாத நாள்ல வந்துட்டோமேன்னு அது மனசு கஷ்டப்படும். ஆத்துல பூஜைன்னு சொல்லிடு. வெளி மனுஷா பாக்கக்கூடாத பூஜை, அதனால எதிராத்துல சாப்பாடுன்னு சொல்லு.”

“கோலம் சொல்லிக் குடுக்கணுமேம்மா?”

“இன்னிக்கே கூடத்துல சொல்லிக் குடு. நாளைக்கு வேண்டாம்.”

அடை சாப்பிட்டுவிட்டுக் கூடத்தை ஈரத்துணியால் துடைத்து, இரண்டு பெண்களும் உட்கார்ந்துகொண்டார்கள். புள்ளி வைப்பது சுலேகாவுக்கு வரவே இல்லை. மாவு விரலிடுக்கில் கொட்டிக் கொட்டிப் போயிற்று. ஜலஜா சிரித்தாள். “எங்கள் ஊரில் இப்படி இல்லை” என்று இங்கிலீஷில் சொல்லி, அரிசி மாவைத் தண்ணீரில் கரைத்துக் கேட்டாள் சுலேகா. கொடுத்ததும், நடுவிரலை நனைத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். நெற்கதிர் ஒன்று தரையில் சாய்ந்து படுத்தது. அதைச் சுற்றிக் கொடி, கொடியில் பூ. கடைசியில் உள்ளே வருகிற மாதிரி இரண்டு சின்னப் பாதங்கள்.

“என்னடி இது, அச்சடிச்ச மாதிரி இருக்கே!” என்று கோமளம் குனிந்து பார்த்தாள். “கேளு, யார் சொல்லிக் குடுத்தான்னு.”

ஜலஜா கேட்டாள். “அம்மா” என்றாள் சுலேகா. விரலை மாவில் நனைத்து, கொடியில் இன்னும் ஓர் இலை இழுத்தாள்.

மறுநாள் இருட்டிலேயே கோமளம் கிணற்றடியில் குளித்து, ஈரத்தோடு மடிசாரைச் சுற்றிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள். விறகு பனியில் நமுத்திருந்தது. ஊதி ஊதிக் கண் சிவந்தது. திவசத் தளிகையில் மிளகாய் கிடையாது, மிளகுதான். வாழைக்காயும் பாகற்காயும் அவரைக்காயும் நறுக்கிக்கொண்டு, பயத்தம்பருப்பை வேகவைத்து, எள்ளை வறுத்து வெல்லத்தோடு இடித்து உருண்டை பிடித்தாள். மடியாக இருந்து சமைக்க அவள் ஒருத்திதான். ஜலஜா எட்ட நின்று தண்ணீரும் தணலும் கொடுத்தாள். ஸ்ரீனிவாசராகவன் திவசம் பண்ணிவைக்கிற வாத்தியாரைக் கையோடு கூட்டிக்கொண்டு வரப் போயிருந்தார். பித்ருக்களுக்காகச் சாப்பிட உட்காரப்போகும் இரண்டு ஸ்வாமிகளுக்கும் இலையறுத்துக் கழுவி வைத்தாயிற்று. ஜன்னல் வழியாகத் தெருவில் பஜனைக்காரர்களின் ஜால்ரா கேட்டு ஓய்ந்தது.

வாசல் தெளிக்கிற குப்பம்மா மட்டும் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்த்தாள். “இன்னா மாமி, தெருவுல அல்லாரு வாசல்லியும் பூசணிப்பூ வெச்சிக் கோலம். நம்ம வாசல் மட்டும் மொட்டையா கீது. தெளிச்சிட்டு வுட்டுட்டேன்.”

“இன்னிக்கு அப்படித்தான் குப்பம்மா. திவசம். பித்ருக்கள் வர நாள்ல வாசல்ல கோலம் இருக்கப்படாது. எல்லாம் முடிஞ்சப்பறம்தான் போடணும்.”

“அத்தான பாத்தேன்” என்று அவள் போய்விட்டாள்.

சுலேகா எப்போது எழுந்தாள் என்று யாரும் கவனிக்கவில்லை. ஜலஜா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டு வாசலுக்குப் போனாள். தெரு நெடுக வெள்ளை வெளேரென்று கோலங்கள். இந்த வீட்டு வாசலில் மட்டும் ஈரச் சாணித்தரை. உள்ளே அம்மாவும் பெண்ணும் பூஜை வேலையில் மூழ்கிக் கிடக்கிறார்கள், பாவம், அவர்களுக்கு நேரமில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். ராத்திரி கரைத்த மாவு ரேழி மூலையில் மிச்சம் இருந்தது. எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஸ்ரீனிவாசா!”

அந்தக் குரலைக் கேட்டதும் கோமளத்தின் கையிலிருந்த கரண்டி பாத்திரத்தில் இடித்தது. ஜலஜா ஓடினாள். கோமளம் ரேழிக் கதவுக்குப் பின்னால் வந்து நின்று இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

பத்ரிநாராயணன் சித்திரக்குளத்தில் முழுகிவிட்டு ஈர வேஷ்டியோடு நின்றுகொண்டிருந்தார். நெற்றியில் திருமண் இன்னும் காயவில்லை. அவர் காலடியில், வாசலை அடைத்துக்கொண்டு, ஒரு பெரிய கோலம். நான்கு பக்கமும் நெற்கதிர்கள். நடுவில் தாமரை. சுலேகா மாவுக் கையோடு எழுந்து நின்று, அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

“இது என்னடி?”

“பெரியப்பா, இவ என் சிநேகிதி. கல்கத்தா. அவளுக்குத் தெரியாது…”

“அவளுக்குத் தெரியாது சரி. உனக்குத் தெரியாதா? உங்கப்பனுக்குத் தெரியாதா? எங்கம்மா உள்ளே வரக்கூடாதுன்னு வாசல்லயே எழுதி ஒட்டியிருக்கேளா?”

“அப்பா வாத்தியாரைக் கூட்டிண்டு வரப் போயிருக்கார். நான் இப்பவே அழிச்சுடறேன்.”

“அழிக்கிறதா? மார்கழி மாசத்துல, ஒரு கன்யாப்பொண்ணு ஆத்து வாசல்ல, போட்ட கோலத்தை ஈரம் காயறதுக்கு முன்னாடி அழிக்கிறதா? போட்டதும் தப்பு, அழிக்கறதும் தப்பு. காலேஜ்ல இதைத்தான் சொல்லித் தராளா?” அவர் சுலேகாவின் பக்கம் திரும்பவே இல்லை. “உங்கப்பன்கிட்ட சொல்லு. அவனே பண்ணிக்கட்டும். அவன் பஞ்சாங்கத்துல நாளைக்குத்தானே? நாளைக்கே பண்ணிக்கட்டும்.”

திரும்பி நடந்தார். ஈரச் சுவடு தெருவோடு போயிற்று.

“என்ன ஆச்சு?” என்று சுலேகா கேட்டாள். ஜலஜாவுக்கு அழுகை வந்துவிட்டது. இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னாள். பாட்டியுடைய திவசம் என்பதையும், பூஜை என்று சொன்னது பொய் என்பதையும் சொன்னாள். சுலேகாவின் சிரிப்பு முகத்திலேயே நின்று, பிறகு மெதுவாக இறங்கியது.

எதிர்வீட்டு அலமேலு வாசலுக்கு வந்துவிட்டாள். “என்னடி கோமளம்! அவர் பாட்டுக்குக் குளத்துப் பக்கம் போறாரே! இனிமே தலைகீழா நின்னாலும் வரமாட்டார். நீ தளிகையை இறக்கி வெச்சுட்டு உக்காரு.”

கோமளம் சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே காலெடுத்து வைத்தால் மடி போய்விடும். திரும்பி வந்து தலையோடு தண்ணீர் விட்டுக்கொண்டுதான் அடுப்பைத் தொட முடியும்.

“ஜலஜா, தணலை வெளியில இழுத்துடு. பாத்திரத்தைத் தொடாதே” என்று சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“மடியோட எங்கேடி போறே?” என்று அலமேலு கத்தினாள்.

கோமளம் கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து கோமளம் புருஷனின் அண்ணாவான மூத்தாரிடம் நேரே நின்று ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் கூடத்தில் இருந்தால் இவள் கதவுக்குப் பின்னால். ‘சாதம் போடட்டுமான்னு கேளு’ என்று குழந்தையிடம் சொல்வாள். ‘போறும்னு சொல்லு’ என்று அவர் குழந்தையிடம் சொல்வார். அப்படியே காலம் போயிற்று. இன்று குளத்துப் படியில் உட்கார்ந்திருந்தவருக்கு இரண்டு படி மேலே போய் நின்றாள். கீழே நாலைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் முங்கி எழுந்தவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் பேசணும்” என்றாள்.

பத்ரிநாராயணன் திடுக்கிட்டுத் திரும்பினார். யாரிடமாவது சொல்லச் சொல்வதற்காகப் பக்கத்தில் பார்த்தார். யாரும் இல்லை.

“நீ… மடியா இருக்கறவ, இங்கே ஏன் வந்தே?”

“திரும்பிக் குளிச்சுக்கறேன். கிணத்துல தண்ணி இருக்கு.”

அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டார்.

“அந்தப் பொண்ணுமேல தப்பில்லை. திவசம்னு சொல்லவேண்டாம்னு ஜலஜாகிட்ட சொன்னதே நான்தான். அது எழுந்து பாத்திருக்கு, எல்லாராத்து வாசல்லயும் கோலம், நம்மாத்துல மட்டும் இல்லை. வேலை ஜாஸ்தி, மறந்துட்டான்னு நினைச்சுண்டு போட்டுடுத்து. நம்மாத்துக்குப் பெருமையா இருக்கட்டும்னுதான் போட்டுது.”

“சாஸ்திரம்னு ஒண்ணு இருக்கும்மா.”

“சாஸ்திரம் உங்களுக்குத் தெரியும். எனக்கு அடுப்புதான் தெரியும். எள்ளுருண்டை பிடிச்சாச்சு. வாழைக்காய் வதக்கியாச்சு. பருப்பைப் பாதியில விட்டுட்டு வந்திருக்கேன். நீங்க வரலேன்னா அத்தனையையும் மாட்டுத் தொட்டியிலதான் கொட்டணும்.”

“ஸ்ரீனிவாசன் இருக்கானே, அவன் பண்ணட்டும்.”

“அவர் பண்ணுவார். போன வருஷமும் பண்ணினார். நான் அதுக்காக இத்தனை தூரம் வரலை.” கோமளம் ஈரத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். “அம்மா கடைசி நாள்ல தண்ணி கேக்கலை, மருந்து கேக்கலை. ‘பெரியவன் வந்துட்டானா, சின்னவன் அவனோட பேசினானா’ன்னுதான் கேட்டுண்டே இருந்தா. வந்தாச்சும்மா, பேசிண்டிருக்காம்மான்னு நான் பொய் சொன்னேன். அந்தப் பொய்யோட அவ போனா. ஒரு கோலத்தால வாசல்லயே நின்னுடறவளா இருந்தா, அந்தப் பொய்யைக் கேட்டுட்டு அன்னிக்கே என்னோட சண்டைக்கு வந்திருப்பா.”

குளித்துக்கொண்டிருந்தவர் மறுபடி முங்கினார். பத்ரிநாராயணன் பூணூலைப் பிழிந்தார். அது ஏற்கெனவே பிழிந்ததுதான்.

“வாத்தியார் வந்தாச்சா?”

“வந்திருப்பார்.”

“அவருக்கு இன்னும் ரெண்டு இடம் இருக்கும். பறப்பார்.” எழுந்து நின்றார். “நீ முன்னாடி போ. போய்க் குளி. பருப்பு அடிப்பிடிச்சா இலையில உக்காரறவா முகத்தைச் சுளிப்பா.”

கோமளம் வீட்டுக்கு வந்தபோது வாசல் சுத்தமாக இருந்தது. சுலேகா மண்டியிட்டு, இரண்டு கையாலும் சாணித்தண்ணீர் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்திருந்தது. கோலத்தின் கடைசி இதழ் ஒன்று மட்டும் பாக்கி. கோமளத்தைக் கண்டதும் அதையும் தேய்த்தாள்.

“நான் பண்றேன்னேன், விடமாட்டேங்கறாம்மா” என்றாள் ஜலஜா.

ஸ்ரீனிவாசராகவன் கூட்டிவந்த வாத்தியார் குடையை மூலையில் சாத்திக்கொண்டே, நடந்ததையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டார். “கோலமா? அழிச்சாச்சோன்னோ? தீர்த்தத்தைத் தெளிச்சுட்டு ஆரம்பிக்கலாம். எனக்குத் திருவல்லிக்கேணியில ஒண்ணு, ராயப்பேட்டையில ஒண்ணு. பித்ருக்கள் காத்துண்டிருப்பா, ஆனா அந்தாத்து மாமிகள் காத்துண்டிருக்க மாட்டா. பெரியவர் எங்கே?”

“வந்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டு பத்ரிநாராயணன் உள்ளே நுழைந்தார். தம்பியின் முகத்தை அவர் பார்க்கவில்லை. மணையில் உட்கார்ந்ததும் கையைப் பின்பக்கம் நீட்டி, “தர்ப்பையை எடுத்துக்கோ, தொட்டுக்கோ” என்றார். ஸ்ரீனிவாசராகவன் அவசரமாகத் தர்ப்பையால் அண்ணாவின் தோளைத் தொட்டுக்கொண்டார். மந்திரம் ஆரம்பித்தது.

கோமளம் அன்றைக்கு இரண்டாம் தடவையாகக் கிணற்றுத் தண்ணீரைத் தலையில் விட்டுக்கொண்டு, பருப்பைத் திரும்ப அடுப்பில் ஏற்றினாள். அடிப்பிடிக்கவில்லை.

உச்சி தாண்டி எல்லாம் முடிந்தது. ஸ்வாமிகள் சாப்பிட்டு எழுந்தார்கள். கொல்லையில் காக்கைகள் கத்தித் தீர்த்தன. வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு ஓடினார். வீட்டார் சாப்பிட்ட பிறகு ஜலஜா வாசலில் சின்னதாக ஒரு நாலு புள்ளிக் கோலம் போட்டுவிட்டு வந்தாள். பத்ரிநாராயணன் மூன்றாம் தடவையாக மோர் வாங்கிச் சாப்பிட்டார் என்பதைத் தவிரக் கோமளத்துக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு அவர் கூடத்து நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தம்பி ஜன்னல் பக்கம் உட்கார்ந்து பேப்பர் படித்தார். ரயிலுக்கு நேரமிருந்தது.

வெயில் சாய்ந்ததும் சுலேகா தன் பையை எடுத்துக்கொள்ள எதிர்வீட்டிலிருந்து வந்தாள். கூடத்தில் அவரைப் பார்த்ததும் எட்டவே நின்று கும்பிட்டாள். இங்கிலீஷில், “என்னை மன்னிக்க வேண்டும்” என்றாள்.

பத்ரிநாராயணனிடம் தாலுகா ஆபீஸ் இங்கிலீஷ் இருந்தது. அதை மனுக்களுக்கும் விசாரணைகளுக்கும் தவிர வேறெதற்கும் அவர் உபயோகித்ததில்லை.

“உன் பேரில் குற்றம் ஏதுமில்லை. விஷயம் முடிந்துவிட்டது” என்றார். பிறகு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, “உங்கள் பக்கத்தில் தாய் தகப்பனுக்குத் திதி உண்டா?” என்றார்.

“உண்டு.”

“உன் தாய் தகப்பன்?”

“அப்பா நான் குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா இந்த வருஷம். எங்கள் ஊர் பாரிசால். பிரிவினையில் அது பாகிஸ்தான் பக்கத்துக்குப் போய்விட்டது. ஸ்டீமரில் கல்கத்தாவுக்குக் கிளம்பினோம். நடுவில் அம்மாவுக்குப் பேதி. எனக்கும்.”

“என்ன தேதி?”

“தெரியாது. எனக்கு நினைவு தப்பிவிட்டது. பிறகு கண் விழித்தது அகதி முகாமில். நாள் தெரியாததால் மாமாவால் ஒன்றும் செய்ய முடியவில்லை. புரோகிதர்களைக் கேட்டால், நாள் வேண்டும் என்கிறார்கள்.”

சமையலறை வாசலில் கோமளம் நின்றாள். ஜலஜா அவள் காதில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பத்ரிநாராயணன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். விசாரணைக்கு உட்காருகிற தோரணை அது.

“ஸ்டீமர் ஏறிய நாள் என்ன?”

“சரஸ்வதி பூஜை முடிந்து, பொம்மையை ஆற்றில் கரைத்த நாள். மேளச் சத்தத்தில்தான் ஏறினோம்.”

“அங்கே சரஸ்வதி பூஜை எப்போ?” என்று ஜலஜாவிடம் தமிழில் கேட்டார்.

“நம்ம மாதிரி புரட்டாசியில இல்லை பெரியப்பா. வசந்த பஞ்சமியில.”

“அப்போ பஞ்சமியில பூஜை, சஷ்டியில கரைக்கறா. சரி.” திரும்பவும் இங்கிலீஷுக்குப் போனார். “பிறகு உனக்கு நினைவே வரவில்லையா? ஒரு தடவைகூட?”

“ஒரு தடவை. மேல்தளத்தில் படுத்திருந்தோம். அம்மாவின் கை என் மேல் இருந்தது. சில்லென்று இருந்தது. அப்போது தெரிந்துவிட்டது. அப்புறம் ஒன்றும் தெரியாது.”

“பகலா, ராத்திரியா?”

“விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.”

“விளக்கு ஏற்றும் நேரம். வானத்தில் சந்திரன் இருந்ததா? யோசித்துச் சொல்.”

சுலேகா கண்ணை மூடிக்கொண்டாள். “இருந்தது. நேரே தலைக்கு மேல். பாதி நிலா. நான் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.”

“பாதியா? நிச்சயமா?”

“கத்தியால் வெட்டின மாதிரி பாதி.”

“சாயங்காலம் விளக்கு வெக்கற நேரத்துல உச்சி வானத்துல பாதிச் சந்திரன்” என்று அவர் தமிழில் சொன்னார், யாரிடமும் இல்லை. “வளர்பிறை அஷ்டமி. சஷ்டி, சப்தமி, அஷ்டமி. ரெண்டு நாள் ஸ்டீமர். சரியா வரது. ஆனா அன்னிக்கு அந்த நேரத்துல அஷ்டமி இருந்துதா, நவமி தொட்டுடுத்தான்னு பாக்கணுமே. மாசியா, தையான்னும் பாக்கணும். போன வருஷத்துப் பஞ்சாங்கம் காஞ்சீபுரத்துல கிடக்கு.”

ஜன்னலோரத்தில் பேப்பர் மடங்கியது. “என்னோடது பரண்ல இருக்குண்ணா” என்றார் ஸ்ரீனிவாசராகவன்.

“உன்னோடதா?” பத்ரிநாராயணன் கொஞ்சம் யோசித்தார். “கொண்டா, பாப்போம்.”

வாசலில் ஜட்கா மணி கேட்டது. “மாமி! பெர்சு ரெடியா? ரயிலுக்கு நேரமாவுது!”

கூடத்தில் யாரும் திரும்பவில்லை. இரண்டு தலையும் தூசி படிந்த பஞ்சாங்கத்தின் மேல் கவிழ்ந்திருந்தன. ஒரு விரல் ஒரு வரியிலும் இன்னொரு விரல் அடுத்த வரியிலும் இருந்தது.

“நாழிகையைப் பாருடா. சூரியாஸ்தமனத்துக்கு மேல எத்தனை?”

“அஷ்டமி ராத்திரி வரைக்கும் இருக்குண்ணா.”

“உன் கணக்குல இருக்கும். பழைய கணக்குல கொஞ்சம் முன்னாடி முடியும். எவ்வளவு முன்னாடி? இரு, அதைப் போட்டுப் பாத்துடறேன். ஜலஜா, ஒரு பலப்பம் கொண்டா.”

“இன்னா சாமி!” பீர் முஹம்மது வாசற்படிக்கே வந்துவிட்டான். “ரயிலு உங்களுக்காவ நிக்காது. அது கெடியாரத்தப் பாத்து ஓட்றது, பஞ்சாங்கத்தப் பாத்து இல்ல.”

பத்ரிநாராயணன் தரையில் பலப்பத்தால் கணக்குப் போட்டார், அழித்தார், திரும்பப் போட்டார். தம்பி குனிந்து ஓர் எண்ணைத் திருத்தினார். அண்ணா முறைத்துப் பார்த்துவிட்டு, திருத்தினதையே வைத்துக்கொண்டார். தெருவில் குதிரை காலை மாற்றி மாற்றி வைத்தது.

கடைசியில் நிமிர்ந்தார்.

“ரெண்டு கணக்குலயும் அஷ்டமிதான். மாசி மாசம், சுக்லபக்ஷ அஷ்டமி. அவ ஊர்ல மாசத்துக்கு வேற பேர் சொல்லுவா, ஆனா அஷ்டமி அஷ்டமிதான்.” சுலேகாவைப் பார்த்து இங்கிலீஷில், தீர்ப்பு வாசிப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். “உன் தாயாருக்கு நாள் இருக்கிறது. வளர்பிறை அஷ்டமி. இன்னும் ஒன்றரை மாதத்தில் வரும். உன் மாமா செய்யலாம். சந்தேகம் கேட்டால், இரண்டு பஞ்சாங்கமும் பார்த்துத் தீர்மானிக்கப்பட்டது என்று சொல்.”

சுலேகா அந்த வார்த்தையைத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். அஷ்டமி. பிறகு உட்கார்ந்து, புடவைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டாள். ஜலஜா அவள் முதுகில் கை வைத்தாள். பத்ரிநாராயணன் என்ன செய்வது என்று தெரியாமல் பலப்பத்தைக் கீழே வைத்து, பிறகு எடுத்து, பிறகு வைத்தார்.

“சாமி, ரயிலு போயே போச்சி” என்றான் பீர் முஹம்மது.

“போனா போறது. நீ பொண்களை ஏத்திண்டு போய் அடையாறுல பத்திரமா விடு. இருட்டப்போறது. நான் காலம்பற போய்க்கறேன்.”

ஸ்ரீனிவாசராகவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

பெண்கள் கிளம்பினார்கள். சுலேகா கோமளத்தின் காலைத் தொட்டாள். கோமளம் அவள் தலையைத் தடவி, வழிக்கு இரண்டு வாழைப்பழத்தைப் பையில் போட்டாள். வண்டி திரும்பி, மணியோசை தெருமுனையில் கரைந்தது. கோமளம் கூடத்துக்கு வந்தாள். கதவுக்குப் பின்னால் போகவில்லை. விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, மூத்தாரைப் பார்த்து நேராகவே கேட்டாள்.

“படுக்கையை மாடியில போடட்டுமா, கூடத்துலயா? மாடியில பனி விழும்.”

“கூடமே போறும்” என்றார் அவர்.